பத்தாயிரம் பவுண்டும் ஒரு தறியும்

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைத் தொடங்கும் நாளில் கரும்பலகையில் நான் எழுதுவது சில எண்களைத்தான். டார்சி: ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. பிங்லி: 4,000, இல்லாவிட்டால் 5,000. பென்னட்: 2,000. எல்லாவற்றுக்கும் கீழே, பென்னட்டின் மகள் எலிசபெத்: 40.

அந்த 40 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். பென்னட்டின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதிவைத்திருக்கும் தொகை 5,000 பவுண்டு. பெண்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஆயிரம், அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. நூற்றுக்கு நான்கு வட்டி என்றால் ஆண்டுக்கு 40 பவுண்டு. அப்படியானால் வீடும் நிலமும்? ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி கட்டிவைத்த சொத்து அது. பென்னட்டுக்கு மகன் இல்லை. அவர் கண்ணை மூடினால் காலின்ஸ் என்ற பங்காளி வந்து எடுத்துக்கொள்வார். அவர் நினைத்தால் தாயையும் பெண்களையும் அன்றைக்கே வெளியே அனுப்பலாம்.

இதைச் சொன்ன பிறகே முதல் அத்தியாயத்தைத் திறப்போம். அது கிட்டத்தட்ட முழுக்கக் கணவன் மனைவி பேச்சு. இரண்டு பேரை எழுப்பி நாடகம் போல வாசிக்கச் சொல்வேன். கணக்கைப் பார்த்துவிட்ட வகுப்புக்கு, பக்கத்துப் பங்களாவைப் பணக்கார வாலிபன் ஒருவன் வாடகைக்கு எடுத்திருக்கிறான் என்று அந்த அம்மாள் ஏன் இப்படித் துடிக்கிறாள் என்பதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகள்கூட அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஈரோடு வட்டாரத்தில் அரசுக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது வாரம் ஒரு நாள் கிளை நூலகத்தில் ஒரு வாசிப்புக் குழுவை நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், வீட்டு வேலை முடித்துவிட்டு வரும் பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் வருகிறார்கள். பழைய ஆங்கில நூல்கள் தங்களுக்கு எட்டாது என்ற பயத்தோடுதான் பெரும்பாலானவர்கள் வந்து உட்காருகிறார்கள். மொழிதான் தடை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மொழி இரண்டாவது தடை. அந்தப் பக்கத்தில் யாருக்கு என்ன நட்டம், யார் கையில் பணம், சட்டம் யார் பக்கம் என்று தெரியாமல் நுழைவதுதான் முதல் தடை. அதைத் தீர்த்துவிட்டால் கடினமான வாக்கியத்தையும் ஆள் பொறுமையாகத் தாண்டிவிடுகிறார்.

திருமதி பென்னட்டைக் கோமாளி என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். எனக்கு அந்தத் தீர்ப்பில் என்றைக்குமே உடன்பாடு இல்லை. நூலகக் குழுவில் ஒரு அம்மா அதைத் தெளிவாகச் சொன்னார். “அந்தம்மாள எல்லாரும் கேலி பண்றாங்க டீச்சர். அஞ்சு பொண்ணு, குடியிருக்கற ஊடு கையில இல்ல. நானா இருந்தா இன்னும் சத்தமாத்தான் பேசுவனுங்க.” அவர் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு என்ற சட்டத்திருத்தம் 1989-ல் வந்தது. அதற்கு முன்பே திருமணமாகிப் போன பெண்களுக்கு அது பொருந்தவில்லை. அந்த வரிசையில் நின்ற பெண்கள் என் குழுவில் உண்டு. 1813-ல் வெளியான ஒரு ஆங்கில நாவலின் அடிப்படைச் சிக்கல் அவர்களுக்கு அடிக்குறிப்பு இல்லாமலே புரிகிறது.

அந்த நாவல் முதலில் மூன்று தொகுதிகளாக வந்தது. நானும் மூன்றாகவே பிரித்துக்கொள்கிறேன். முதல் தொகுதி முடியும் இடத்தில் எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூகாஸ், வயது 27, அந்தக் காலின்ஸையே மணக்கச் சம்மதித்திருக்கிறாள். எலிசபெத் வேண்டாம் என்று சொன்ன ஆள், பேச்சில் ரம்பம், ஆனால் வேலை உண்டு, வீடு உண்டு, நாளைக்கு வரப்போகும் சொத்தும் உண்டு. ஷார்லட் செய்தது சரியா? இந்தக் கேள்வியை வைத்துவிட்டு நான் உட்கார்ந்துவிடுவேன். ஒரு வகுப்பில் பையன்கள் எல்லாரும் எலிசபெத் பக்கம், பெண்களில் பாதிப் பேர் ஷார்லட் பக்கம் என்று பிரிந்தது. “காதல்னு காத்திருந்து கடைசில அண்ணன் வீட்டுல எடுபிடியா நிக்கறதுக்கு இது மேல் மேடம்” என்று ஒரு பெண் சொன்னாள். அதன் பிறகு அந்தச் செமஸ்டரில் நாவலை யாரும் பாடம் என்று நினைக்கவில்லை.

கணக்குக்கு அடுத்தபடியாக நான் நம்புவது குரலை. இந்த நூல்களில் பல, காதால் கேட்கப்பட்டவை. டிக்கன்ஸின் தொடர்கள் வீடுகளில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டவை. அவரே 1858-லிருந்து கட்டணம் வைத்து ஊர் ஊராகப் போய்த் தன் கதைகளை மேடையில் வாசித்துக் காட்டினார். கொங்கு நாட்டில் அண்ணமார் கதையை உடுக்கை அடித்து இரவெல்லாம் பாடக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நீண்ட கதையைக் காதால் பிடிப்பது புதிதும் இல்லை. அதனால் எங்கள் குழுவில் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை சத்தமாக வாசிக்கிறோம். முதல் வாசிப்பின்போது அகராதி மூடியே இருக்க வேண்டும். யார் பேசுகிறார், யாரிடம், அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பேன். இரண்டாவது வாசிப்பில் பென்சிலால் புள்ளி வைக்கலாம், பக்கத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று அர்த்தம் பார்த்தவர்கள் பத்தாம் பக்கத்தில் நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஷேக்ஸ்பியரை நின்றுகொண்டு வாசிக்க வைப்பேன். ‘ஜூலியஸ் சீசரில்’ சவ ஊர்வலக் காட்சிக்கு வகுப்பே ரோமாபுரிக் கூட்டம். புரூட்டஸ் பேசும்போது அவனுக்குக் கைதட்டிவிட்டு, ஆன்டனி பேசி முடிப்பதற்குள் புரூட்டஸின் வீட்டைக் கொளுத்தக் கிளம்ப வேண்டும். அதற்கு அடுத்த குட்டிக் காட்சியைப் பல வகுப்புகளில் விட்டுவிடுகிறார்கள், நான் விடுவதில்லை. சின்னா என்ற கவிஞன் தெருவில் வருகிறான். சதிகாரர்களில் ஒருவனுக்கும் அதே பெயர். பெயர் ஒன்றாக இருப்பதற்காக அவனைக் கூட்டம் கிழித்துப்போடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு முன் ஆன்டனிக்காகக் கூச்சல் போட்ட அதே பிள்ளைகள் இந்தக் காட்சியை வாசிக்கும்போது குரல் தானாகவே இறங்கிவிடும்.

நான் மிக அதிகமாகத் திரும்பிப் போகும் நூல் ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’. 1861-ல் வந்தது, சிறிய நாவல். மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண்மணி ஆண் பெயரில் எழுதியது. கதாநாயகன் ஒரு நெசவாளி. என் வகுப்புகளில் சென்னிமலையிலிருந்தும் பவானியிலிருந்தும் குமாரபாளையத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். போர்வையும் ஜமக்காளமும் லுங்கியும் நெய்யும் வீடுகள். லண்டனில் படிக்கும் ஒரு மாணவருக்குத் தறி என்றால் என்னவென்று அருங்காட்சியகத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும். என் மாணவர்களில் சிலர் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்கள்.

சைலஸ் ஒரு நகரத்துச் சபையில் பக்தியோடு வாழ்ந்தவன். நண்பனின் சூழ்ச்சியால் திருட்டுப் பழி அவன் மேல் விழுகிறது. சபையார் சீட்டுப் போட்டுப் பார்த்து அவன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுகிறார்கள். அவன் ஊரை விட்டு வந்து ரேவலோ என்ற கிராமத்தில் கல்குழி ஓரமாகக் குடிசையில் பதினைந்து ஆண்டுகள் தனியாக நெய்கிறான். கூலியாகக் கிடைத்த தங்கக் காசுகளைத் தறிக்கு அடியில் செங்கல்லைப் பெயர்த்துப் புதைத்து, இரவில் எடுத்து எண்ணிப் பார்ப்பதே அவனுக்கு வாழ்க்கை. அது களவு போகிறது. பிறகு ஒரு பனி இரவில், வழியில் விழுந்து செத்துப்போன தாயின் குழந்தை ஒன்று திறந்த கதவு வழியே தத்தித் தத்தி நடந்து வந்து அவன் அடுப்பருகே படுத்துத் தூங்கிவிடுகிறது. மங்கலான கண்ணோடு அவன் அந்தப் பொன்னிற முடியைப் பார்த்துத் தன் தங்கம் திரும்பி வந்துவிட்டதாக நினைத்துக் கையை நீட்டுகிறான்.

முதல் அத்தியாயத்து வாக்கியங்கள் நீளம். ஆகவே நான் பதினான்காம் அத்தியாயத்தில் தொடங்குகிறேன். அந்தக் குழந்தை எப்பி இப்போது ஓடியாடப் பழகிவிட்டாள். சைலஸ் நெய்ய வேண்டும், குழந்தையையும் பார்க்க வேண்டும். அகலமான லினன் துணிப் பட்டை ஒன்றை அவள் இடுப்பில் கட்டி மறுமுனையைத் தறியில் கட்டிவிடுகிறான். கட்டில் வரை போய் உட்காரலாம், ஆபத்தான இடத்தில் ஏற முடியாது, அவ்வளவு நீளம். ஒருநாள் புதிய துணிக்குத் தறியைச் சித்தம் செய்யும் மும்முரத்தில் கத்திரிக்கோலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுகிறான். குழந்தை பட்டையைக் கோணல்மாணலாக வெட்டிவிட்டு வெளியே ஓடிவிடுகிறது.

இதை வாசித்தபோது சென்னிமலைப் பையன் ஒருவன் எழுந்தான். அதுவரை வகுப்பில் அவன் வாய் திறந்ததில்லை. “மேடம், புதுப் பாவு பிணைக்கறப்பத்தான் கத்திரி கையோட இருக்கும். நெசவு ஓடறப்ப அதுக்கு வேலையில்லீங்க. அதான் அன்னைக்கு மறந்துட்டாரு.” நான் பல பதிப்புகளின் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். இந்த விளக்கத்தை எதிலும் பார்த்ததில்லை. அடுத்த பெஞ்சில் இருந்த பெண், “எங்கம்மா என்னையும் பழைய சேலையில இப்படித்தான் கட்டிப்போட்டாங்களாம். குழித்தறியில கொழந்த விழுந்துரும்னு” என்றாள். அன்றைக்கு வகுப்பில் ஆங்கிலம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்ற பிரிவு தலைகீழாகிவிட்டது. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர்கள் தறிக்காரப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எப்பியைக் குட்டை ஓரத்தில் கண்டுபிடிக்கிறான் சைலஸ். தன் சிறிய காலணியால் தண்ணீர் மொண்டு விளையாடிக்கொண்டிருக்கிறாள். கண்டிக்க வேண்டுமே என்று, பக்கத்துவீட்டு டாலி சொன்ன யோசனைப்படி அடுப்புக் கரி போட்டுவைக்கும் பொந்தில் ஒரு நிமிடம் அடைக்கிறான். அடைத்த அவனுக்குத்தான் நடுக்கம். வெளியே எடுத்துக் குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு, இனி ஒழுங்காக இருப்பாள் என்று நம்பித் திரும்பினால், அவளாகவே அந்தப் பொந்துக்குள் போய் உட்கார்ந்து கரி முகத்தோடு எட்டிப் பார்க்கிறாள். அதன் பிறகு சைலஸ் தண்டனை என்பதையே விட்டுவிடுகிறான். தங்கத்தை எண்ணிக்கொண்டிருந்த ஒரு மனிதன் தகப்பனாக மாறுவது இந்த ஒன்றிரண்டு பக்கங்களில் கண்ணெதிரே நடக்கிறது. எலியட் அதை அன்பு பற்றிய பேச்சாக எழுதவில்லை. கத்திரி, துணிப்பட்டை, கரி என்று பொருள்களை வைத்தே காட்டிவிடுகிறார்.

நான் பி.யு.சி. படித்த காலத்தில் இந்த நாவல் சுருக்கப் பதிப்பாக என் கைக்கு வந்தது. கரிப்பொந்துக் காட்சி அதில் இல்லை. கதைக்கு அது தேவையில்லை என்று சுருக்கியவர் முடிவு செய்திருக்கிறார். கதையின் முடிச்சுக்கு அது தேவையில்லைதான். சுருக்கங்களின் மேல் எனக்குள்ள வழக்கு அதுவே. முடிச்சை வைத்துக்கொண்டு உயிரை வெட்டிவிடுகின்றன. சார்லஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும் 1807-ல் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் இருபதைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள். நல்ல உரைநடை, நல்ல மனம். மேரிதான் அதிகப் பங்கு எழுதியவர், ஆனால் அட்டையில் தம்பி பெயர் மட்டும் வந்தது. அந்த நூலுக்கு என் அலமாரியில் மரியாதையான இடம் உண்டு. ஆனால் பதினெட்டு வயது வந்தவருக்கு அதைக் கொடுத்து ஷேக்ஸ்பியர் என்று சொல்ல என்னால் முடியாது. பக்கங்களைத் தாண்ட வேண்டுமென்றால் தாண்டலாம், மூலத்தை வைத்துக்கொண்டு, “இந்த மூன்று பக்கத்தை இப்போது விடுகிறோம்” என்று வெளிப்படையாகச் சொல்லித் தாண்டலாம். விட்டது அங்கேயே இருக்கிறது, நாளைக்குத் திரும்பி வரலாம். யாரோ திருத்தி எழுதிய வாக்கியத்தை எலியட்டின் வாக்கியம் என்று கையில் கொடுப்பது வேறு.

நாவலின் கடைசியில் சைலஸ், வளர்ந்த எப்பியோடு தன் பழைய ஊருக்குப் போகிறான். முப்பது ஆண்டுக்கு முன்னால் தனக்கு அநியாயம் நடந்த அந்தச் சபையைத் தேடுகிறான். லாண்டர்ன் யார்டு என்ற தெருவே இல்லை. அந்த இடத்தில் பெரிய தொழிற்சாலை நிற்கிறது, சாப்பாட்டு நேரத்துக்கு ஆண்களும் பெண்களும் சாரிசாரியாக வெளியே வருகிறார்கள். தன் மேல் பழி ஏன் வந்தது, உண்மை வெளிவந்ததா என்று கேட்க ஒருவரும் மிச்சமில்லை. குமாரபாளையத்திலிருந்து வந்த மாணவிக்கு இந்த இடம் தாங்கவில்லை. அவள் தாத்தா கைத்தறிக்காரர். தறி நின்ற இடத்தில் இப்போது விசைத்தறிக் கூடம், அப்பா அங்கே கூலிக்கு ஓட்டுகிறார். தேர்வில் இதைப் பற்றி அவள் எழுதிய பதிலில் இலக்கணப் பிழைகள் இருந்தன. நான் திருத்திய தாள்களில் மிக உயர்ந்த மதிப்பெண்ணில் ஒன்று அதற்குப் போனது.

“இவங்க கதைய நாம எதுக்கு மேடம் படிக்கணும்? நம்மள ஆண்டவங்கதானே?” இந்தக் கேள்வி எல்லா ஆண்டும் வரும், வர வேண்டும். மழுப்பாமல் பதில் சொல்கிறேன். இங்கிலாந்திலேயே பல்கலைக்கழகப் பாடமாக ஊன்றுவதற்கு முன்பு இந்தியாவில் ஆங்கில இலக்கியம் பாடமாக்கப்பட்டது, ஆட்சிக்கு உதவும் கருவியாக. கௌரி விஸ்வநாதன் 1989-ல் எழுதிய ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்’ அதை விரிவாக நிறுவியது. நூல்களுக்குள்ளேயே அந்த ஆட்சியின் சுவடு இருக்கிறது. ‘வேனிட்டி ஃபேர்’ எழுதிய தாக்கரே கல்கத்தாவில் பிறந்தவர், அந்த நாவலின் ஜோஸ் செட்லி வங்காளத்தில் கலெக்டராக இருந்து சம்பாதித்தவன். ஆஸ்டினின் ‘மேன்ஸ்ஃபீல்டு பார்க்’ மாளிகையின் சொந்தக்காரருக்கு ஆன்டிகுவாவில் தோட்டம் உண்டு. இதையெல்லாம் கரும்பலகைக் கணக்கில் சேர்த்தே எழுதுகிறேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கற்றுக்கொண்ட வாசகர் அந்தக் கேள்வியை ஆண்டவர்களிடமும் கேட்பார். அதே நேரத்தில், சைலஸும் எப்பியும் எந்த அரசாங்கத்துக்கும் சொந்தமில்லை. சென்னிமலைப் பையன் அவர்களைத் தனதாக்கிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

இப்போது வரும் இளையவர்கள் போனில் படிக்கிறார்கள். குட்டன்பர்க் தளத்தில் இந்த நூல்கள் எல்லாம் இலவசம், லிப்ரிவாக்ஸில் ஒலியாகவும் கிடைக்கின்றன. நான் வரவேற்கிறேன். என் மாணவப் பருவத்தில் ஒரே பிரதிக்காக நூலகத்தில் வரிசையில் நின்றிருக்கிறோம். எனக்குக் கவலை தருவது பத்து நிமிடக் கதைச்சுருக்க வீடியோக்கள். முடிவு தெரிந்த பிறகு படிக்கும் ஆவல் அடங்கிவிடுகிறது. திரைப்படத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் ராஜீவ் மேனன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை எடுத்துக் காரைக்குடிப் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். கதையின் அச்சாணி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது: வீடு கைவிட்டுப் போகிறது, பெண்கள் தெருவுக்கு வருகிறார்கள். நாவலை முடித்த பிறகு அந்தப் படத்தைப் பார்த்த குழு, படத்தின் மேஜர் பாலாவையும் நாவலின் கர்னல் பிராண்டனையும் ஒப்பிட்டு இரண்டு வாரம் பேசித் தீர்க்கவில்லை.

நூலகக் குழுவில் டிக்கன்ஸை அவர் வெளியிட்ட முறையிலேயே படித்தோம். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை அவருடைய வார இதழில் 36 வாரம் தொடராக வந்தது. வேறொருவரின் தொடர் எடுபடாமல் இதழின் விற்பனை சரிந்ததால், ஆசிரியரான டிக்கன்ஸே களத்தில் இறங்கி எழுதியது அது. ‘பொன்னியின் செல்வனை’ வாராவாரம் காத்திருந்து படித்த வீட்டுப் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு பழக்கமானது. முதல் வாரம் இரண்டு அத்தியாயம். சதுப்பு நிலத்துக் கல்லறைத் தோட்டத்தில் தப்பி வந்த கைதி ஒருவன் சிறுவன் பிப்பைப் பிடித்து, அரமும் சாப்பாடும் கொண்டுவா என்று மிரட்டுகிறான். இரண்டாவது அத்தியாயம் முடியும்போது பையன் அக்காவின் சமையலறையில் திருடிவிட்டு, அத்தானின் பட்டறையிலிருந்து அரத்தையும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஓடுகிறான். அங்கே புத்தகத்தை மூடினேன். “மீதி அடுத்த வாரமா டீச்சர்?” என்று கோபத்தோடு கேட்டவர்களில் பலர் வீட்டுக்குப் போய் அன்றிரவே மேலே படித்துவிட்டு வந்தார்கள். நான் தடுக்கவில்லை.

அந்த நாவலின் முடிவை டிக்கன்ஸ் மாற்றினார். முதலில் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சிறிது நேரம் சந்தித்துப் பிரிவதாக எழுதியிருந்தார். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு, இடிந்த மாளிகைத் தோட்டத்தில் இருவரும் கைகோத்து வெளியே வருவதாக எழுதி வெளியிட்டார். முதல் முடிவு அவர் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அச்சானது. இரண்டையும் வாசித்துக் காட்டினேன். இளையவர்கள் பிரிவையும் பெரியவர்கள் சேர்வதையும் விரும்பினார்கள். எனக்கு முதல் முடிவுதான் நெஞ்சில் நிற்கிறது. அதைச் சொன்னபோது குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற தபால்காரர், “அவ்வளவு பட்டவனுக்கு இதாச்சும் கெடைக்கட்டும் விடுங்கம்மா” என்றார்.

அடுத்து எலியட்டின் ‘மிடில்மார்ச்’. 1871 டிசம்பரிலிருந்து எட்டுப் பகுதிகளாக வெளிவந்த நூல். மாதம் ஒரு பகுதி என்று வைத்திருக்கிறோம். இரயில் பாதைக்கு நிலம் அளக்க வந்தவர்களைக் கூலிக்காரர்கள் வைக்கோல் கவைகளோடு விரட்டும் ஐம்பத்தாறாம் அத்தியாயத்தை இப்போதே ஒருவருக்கு ஒதுக்கிவிட்டேன். அவர் தோட்டத்தில் உயர்மின் கோபுரம் நிற்கிறது. அந்த அத்தியாயத்தில் கேலப் கார்த் என்ற நல்ல மனிதர், இரயில் எல்லாருக்கும் நல்லது என்று எடுத்துச் சொல்வார். திமதி கூப்பர் என்ற கிழவர், அது பெரிய இடத்துக்காரர்களுக்குத்தான் நல்லது, ஏழை இருந்த இடத்திலேயே கிடப்பான் என்று திருப்பிச் சொல்வார், கேலப்பிடம் சரியான பதில் இருக்காது. கேலப்பின் பேச்சை நான் வாசிப்பேன், கிழவரின் பேச்சை அவர் வாசிப்பார். பக்கங்களைப் பெரிய எழுத்தில் நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், வீட்டில் மகனை வைத்துப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.